வரி எழுதாத கட்டு

ஒருக்களித்துத்தான் கிடப்பார். இடது பக்கமாக, வலது கையை முகத்துக்கு முன்னால் மடக்கிக்கொண்டு. அவள் கணவர் தூக்கத்தில் அப்படித்தான். ஆனால் சேறு அப்படிக் கிடக்க விட்டிருக்குமா? சேறு முதலில் காலைத்தான் வாரும். கால் போனால் உடம்பு திரும்பும். திரும்பினால் தலை சரிவின் கீழ்ப்பக்கம் வந்துவிடும். கழுத்து பின்னால் வளைந்திருக்கும். மலையிலிருந்து எலும்பாக வருகிற முக்கால்வாசிப் பிராணிகளுக்குக் கழுத்து பின்னால் வளைந்துதான் இருக்கிறது.

"உப்பு போட்டியா?" என்று மாமியார் கேட்டாள்.

மருமகளின் கையில் பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு இருந்தது.

"இன்னும் அடுப்புலயே வைக்கல அத்தை."

"அரை மணி நேரமா ஒரே கிழங்கைச் சுரண்டிட்டு நிக்கற. அதென்ன, மலையில இருந்தா வந்துது?"

அவள் குனிந்து பார்த்தாள். கத்தியின் நுனியால், கடுகளவு கடுகளவாக, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரித்திருந்தாள். கிழங்கின் ஒவ்வொரு குழியும் சுத்தமாக இருந்தது. அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்து, எல்லாரையும் போலப் பட்டையாகச் சீவினாள்.

மாமியார் வாசல் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகன் மலைக்குப் போய்த் திரும்பாத இருபத்துமூன்று நாளாக அதுதான் அவள் இடம். அவள் இன்னும் அழவில்லை. யாராவது வந்தால், "இன்னும் எடுக்கல" என்று மட்டும் சொல்வாள், ரயில் இன்னும் வரவில்லை என்பதைப் போல. வருகிறவர்களுக்கும் தாங்கள் துக்கம் கேட்க வந்தோமா, சேதி கேட்க வந்தோமா என்று தெரியவில்லை. பாதி வாக்கியத்தில் எழுந்து போனார்கள்.

தண்ணீர் கொதி வருவதற்குள் கொழுந்தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அலுவலக லாரி. மலையிலிருந்து எலும்புக் கட்டுகளைக் கொட்டகைக்கு இறக்குவது அவன் வேலை. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, பெரிய சார் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"வேலைக்கா?"

"அந்த நாப்பத்தொண்ணு விஷயம்." அவன் அம்மாவைப் பார்த்தான். "அம்மாவையும் வரச் சொன்னாரு."

"என்னை எதுக்குடா? எனக்கென்ன எலும்பு தெரியும்?" என்றாள் மாமியார். சொல்லும்போதே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "எடுத்துட்டாங்களாடா?"

"இல்லம்மா. அது இல்ல."

அவள் அடுப்பை அணைத்தாள்.

*

லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊர் முடிந்ததும் மலைகள் வந்தன. மூன்று வாரமாக மழை இல்லை. எல்லா மலையும் சாம்பலைப் பூசிக்கொண்டது போல ஒரே நிறத்தில் கிடந்தது. அஞ்சலட்டையில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த மாதத்தில் வந்தால் ஏமாந்து போவார்கள். காசைத் திருப்பிக் கேட்டவர்கள்கூட உண்டு. மழை பெய்து நனைந்தால்தான் மலை தன் நிறத்தைக் காட்டும். உச்சியில் மஞ்சள், அதற்குக் கீழே சாம்பல் பச்சை, பிறகு கத்தரிப்பூ நிறம், அடிவாரத்தில் செங்கல் சிவப்பு. யாரோ உட்கார்ந்து நிதானமாகக் கோடு போட்டது போல இருக்கும். அரை நாள்தான். வெயில் ஏறினால் தூசி மறுபடியும் மூடிக்கொள்ளும்.

கோடி வருஷத்து எலும்பைத் தேடித் தோண்டுகிறவர்கள் இந்த அடுக்குகளை வரி என்பார்கள். சிவப்பு வரி, கத்தரிப்பூ வரி. எலும்பு கிடைத்தது என்று யாராவது கத்தினால், மற்றவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு பெருசு?" இல்லை, "எந்த வரி?" என்பதுதான். கீழே போகப் போகக் காலம் பழையது. வரி தெரியாவிட்டால் அந்த எலும்புக்கு வயது இல்லை. வயது இல்லாத எலும்பு வெறும் கல். "சர்க்காரு வரியை ஏமாத்தலாம், மலை வரியை ஏமாத்த முடியாது" என்று அவள் கணவர் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி, தானே முதலில் சிரிப்பார்.

அவருக்கு அங்கே 'நாக்கு' என்று பெயர். கல்லும் எலும்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நாக்கில் வைத்தால் கல் வழுக்கிவிடும், எலும்பு ஒட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவர் மாதிரி யாரும் நாளுக்கு ஐம்பது தடவை மண்ணை நக்கியதில்லை. "எலும்புக்கு ஆசை ஜாஸ்தி. கோடி வருஷம் கழிச்சு ஒருத்தன் நாக்கு கிடைச்சாலும் விடாது" என்பார். கொட்டகையில் ஊசியால் எலும்பைச் சுத்தம் செய்கிற அவளுக்கு 'ஊசி'. நாக்கும் ஊசியும் சேர்ந்து குடித்தனம் பண்ணினால் வீட்டில் என்ன பேச்சு இருக்கும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

சரிந்த இடம் திருப்பத்தில் தெரிந்தது. மலையின் இடுப்பில் ஒரு பெரிய துண்டு இறங்கி, அடிவாரத்தில் விசிறி போல விரிந்து காய்ந்திருந்தது. இயந்திரம் வந்துபோன சக்கரத் தடம் வெடித்துக் கிடந்தது. கொழுந்தன் வண்டியை மெதுவாக்கவில்லை.

"ஒரு பிராணி எலும்புக்கு ஆறு மாசம்" என்றான் அவன். "பிரஷ்ஷை வெச்சு, பஞ்சை வெச்சு, ஆறு மாசம் தோண்டினாங்க. எங்கண்ணனுக்கு ஒன்பது நாள்."

"ஒரு கொத்து எடுத்தா ரெண்டு கொத்து மேல இருந்து விழுந்துது. நீயும்தானே பார்த்த" என்றாள் அவள்.

"பார்த்தேன். அதுக்காக?"

பத்தாம் நாள் இயந்திரக்காரன் சாவியைக் கழற்றி பெரிய சாரின் கையில் கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டு குழந்தைகள் என்று மட்டும் சொன்னான். யாராலும் அவனை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"ஒரு சுத்தியலுக்காகப் போனான்" என்றாள் மாமியார், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "வீட்டுல சுத்தியலா இல்ல? என்னைக் கேட்டிருந்தா அம்மிக்குழவியைக் குடுத்திருப்பேன், போடா, அதை வெச்சுத் தட்டுடான்னு."

சுத்தியலை மேலே விட்டுவிட்டார், அதை எடுக்கப் போனார் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். மழைக்குப் பிறகு இரண்டு நாள் யாரும் மேலே ஏறக்கூடாது என்பது சட்டம். அதை மீறி அவரைப் போன்ற ஆள் போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. யாரோ சுத்தியல் என்றார்கள். அவள் மறுக்கவில்லை. அவருடைய சுத்தியல் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், கோணித்துணிக்கு அடியில் இருந்தது. அதை அங்கே மறைத்து வைத்தவள் அவள்தான்.

*

கொட்டகையில் மாவு வாசனையும் பசை வாசனையும் அப்படியே இருந்தன. மூன்று மேஜைகள், மூன்று விளக்குகள். அவள் மேஜையில் மணல் பைகளின் மேல் தூசி படிந்திருந்தது. அடுத்த மேஜைக்காரி தடித்த கண்ணாடி போட்டவள். இவளைக் கண்டதும் எழுந்து வந்து, இவள் ஊசிகளை ஒருமுறை துடைத்து வரிசையாக வைத்துவிட்டு வெளியே போனாள்.

நாற்பத்தொன்று கீழே ஒரு பலகைமேல் இருந்தது.

மலையில் எலும்பைக் கண்டதும் தனியாகப் பெயர்க்க மாட்டார்கள். சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து, மேலே ஈரக் காகிதம் ஒட்டி, கோணித்துணியை மாவில் முக்கி முக்கிச் சுற்றுவார்கள். ஆஸ்பத்திரியில் முறிந்த கைக்குப் போடுகிற அதே மாவுக்கட்டுதான். காய்ந்ததும் புரட்டி எடுத்து, எண்ணும் வரியும் எழுதி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு அனுப்புவார்கள். நாற்பத்தொன்றில் எண் இருந்தது. அம்பு இருந்தது. வரி இல்லை.

மாமியார் இதற்குமுன் கொட்டகைக்கு வந்ததே இல்லை. வெள்ளையாக, நீளமாக, ஒரு பக்கம் குறுகிக் கிடந்த கட்டைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது. நாலு வயதுப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்தியது போலத்தான் இருந்தது.

"அத்தை, அது பிராணி" என்றாள் அவள் அவசரமாக.

"தெரியும்." மாமியார் மெல்லக் குனிந்து அதன்மேல் கை வைத்தாள். "இது அவன் சுத்தினதா?"

"ஆமா. கடைசியா சுத்தினது."

மாவில் அவருடைய விரல்கள் பதிந்திருந்தன. எப்போதும் நாலு விரலால் அழுத்தி இழுப்பார். மாமியார் அந்தப் பள்ளங்களில் தன் விரலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் நாற்காலி கொண்டுவந்தான். வேண்டாம் என்று கையசைத்தாள்.

பெரிய சார் உள்ளே வந்தார். உயரமான மனிதர். இந்த மூன்று வாரத்தில் கூன் விழுந்திருந்தது. கையில் ஒரு சின்னக் கறுப்பு மை டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. அவற்றை அவள் மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு சார்."

"நாளன்னைக்கு மேலிடத்துல இருந்து வராங்க. இந்தத் தோண்டல் வேலை தொடரணுமா, மூடணுமான்னு முடிவு பண்ண வராங்க. மூடத்தான் போறாங்க, எனக்குத் தெரியும்." நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி ஒரு காரியம் சரியா நடக்கணும்னு ஆசைப்படறேன். அவருக்காக."

"சொல்லுங்க சார்" என்றான் கொழுந்தன்.

"இந்த மாதிரிப் பிராணி கத்தரிப்பூ வரியில இதுவரைக்கும் பதினேழு எடுத்திருக்கோம். சிவப்புல ஒண்ணுகூடக் கிடையாது. இது சிவப்புன்னா, இதுவரைக்கும் யாரும் பார்க்காதது. புதுசுக்குப் பேர் வெக்கணும். கண்டெடுத்தவர் பேரை வெக்கலாம். நான் வெப்பேன்."

"கத்தரிப்பூன்னா?" என்று கொழுந்தன் கேட்டான்.

"பதினெட்டாவது."

வெளியே யாரோ வாளியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"பேர்னா எப்படி? பலகையில எழுதி மாட்டுவாங்களா?" என்று மாமியார் தரையிலிருந்து கேட்டாள்.

"புத்தகத்துல வரும்மா. எல்லா நாட்டுப் புத்தகத்துலயும். இனிமே யாரு இந்தப் பிராணியைப் பத்திப் பேசினாலும் உங்க பையன் பேரைச் சொல்லித்தான் பேசியாகணும்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவும்."

மாமியார் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது.

"மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாதா?" கொழுந்தன் கேட்டான்.

"கட்டுக்குள்ள இருக்கிறது வெள்ளை மணல். அது ரெண்டு வரியிலயும் திட்டுத் திட்டா உண்டு. எடுத்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம்னா, அந்த இடமே இப்ப இல்ல." பெரிய சார் அவள் பக்கம் திரும்பினார். "அவரு கட்டுல எழுதினா படிக்க முடியாதுன்னு, சாயங்காலம் உங்ககிட்ட வந்து வாயால சொல்லுவாரு, நீங்க எழுதுவீங்க. இருபது வருஷமா அப்படித்தான். உங்க கையெழுத்தை ஒருத்தரும் கேள்வி கேட்டதில்ல. உங்ககிட்ட சொல்லியிருப்பாரு, இல்லையாம்மா? சிவப்புன்னு சொல்லியிருப்பாரு."

அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலையும் அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்தார், குழந்தைக்கு மருந்தைச் சர்க்கரையில் வைத்துக் கொடுப்பது போல. கெட்ட எண்ணம் இல்லை. அந்த ஒன்பது நாளும் சேற்றில் அவரும் நின்றார். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கை, கொப்புளம் வெடித்து ரத்தம் வந்தது.

அவள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்று வந்த அன்றைக்கும் உருளைக்கிழங்குதான் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து துண்டால் காதைத் துடைத்தார். "நாப்பத்தொண்ணுக்கு நீங்க இன்னும் சொல்லலையே, என்ன வரி?" என்று கேட்டாள். "ரெண்டும் சேர்ற இடம்டி. மேல ஒரே தூசி. சிவப்பான்னு பார்த்தா சிவப்பா இருக்கு, கத்தரிப்பூவான்னு பார்த்தா அதுவாவும் இருக்கு." "தெரியாம எப்படிச் சுத்தினீங்க?" "விரிசல் விட்டுப்போச்சு, விட்டா நொறுங்கிடும்." அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. "இருபது வருஷம் நக்கின நாக்குக்கு இது தெரியலையா? வரி இல்லாத கட்டை நான் திறக்க மாட்டேன். அநாதை அலமாரியிலதான் போடணும்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். முழுக்க வேடிக்கையாகவும் இல்லை. வேலையில் அவரிடம் குற்றம் கண்டுபிடிக்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் அபூர்வம். அதில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது அவள் தினமும் எடுத்துப் பார்க்கிறாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சின்னதாகத்தான் இருக்கிறது.

அநாதை அலமாரி என்பது கொட்டகையின் பின்சுவரில் இருக்கிறது. வரி தெரியாமல் போன கட்டுகள் அங்கே கிடக்கும். அங்கே போனது எதுவும் இறங்கியதில்லை.

அதற்கு மூன்றாம் நாள், இரவு பெய்த மழை விடியும் முன்பே விட்டிருந்தது. அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். "நனைஞ்சிருக்கு, இப்பப் பார்த்தா பளிச்சுன்னு தெரியும். பத்து மணிக்கு மேல காஞ்சுடும்" என்றார். சட்டம் அவளுக்கும் தெரியும். போகாதீங்க என்று சொல்லத் தெரியும். அவள் சொன்னது, "கீழ் விளிம்பையும் பார்த்துட்டு வாங்க. பாதியைப் பார்த்துட்டு வந்து கதை சொல்லாதீங்க."

பார்த்திருப்பார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நனைந்த மலைக்கு முன்னால் போய் நின்று, இரண்டு வரியும் கோடு போட்டது போலப் பிரிந்து நிற்பதைப் பார்த்து, அட, இதுதானா என்று சிரித்திருப்பார். அப்புறம்தான் மேலே சத்தம் கேட்டிருக்கும்.

"நாலெழுத்துதான் அண்ணி" என்றான் கொழுந்தன். குரலைத் தாழ்த்தியிருந்தான். "பாதிக்குப் பாதி. சிவப்பாவே இருந்துட்டா? அப்புறம் நீங்க எழுதாததுதானே தப்பா போகும்?"

அதையும் அவள் யோசித்திருந்தாள். அவன் சொன்னதில் பிழை இல்லை.

மாமியார் கட்டின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "உனக்கு ஒண்ணு பொறக்கல. நான் அதை ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இல்ல அத்தை."

"பேர் சொல்ல யாரும் இல்லாமப் போறான். உடம்பும் இல்ல. எதைக் கட்டிக்கிட்டு நான் அழறது? இதுக்காவது அவன் பேரு இருக்கட்டும்டி. எழுது."

பெரிய சார் டப்பாவின் மூடியைத் திறந்து, பிரஷ்ஷைக் காம்புப் பக்கமாக அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். வழக்கமாக வரி எழுதுகிற இடம், அம்புக்குறிக்குக் கீழே, வெறுமையாக இருந்தது. பிரஷ் நுனியில் மை திரண்டது. அது சொட்டுவதற்குள் டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டாள்.

"அவரு சுத்தியலுக்காகப் போகல" என்றாள்.

கொழுந்தன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"சுத்தியல் வீட்டுல இருக்கு. இந்த வரியைப் பார்க்கத்தான் போனாரு. மழையில நிறம் தெரியும்னு போனாரு. நான்தான் கேட்டேன். வரி இல்லாம திறக்க மாட்டேன்னு சொன்னேன். கீழ் விளிம்பையும் பாருங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

கொழுந்தன் சுவரில் சாய்ந்துகொண்டான். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதைத் துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மாமியார் அவளைப் பார்த்தாள். இந்த இருபத்துமூன்று நாளில் முதல் தடவையாக மாமியாரின் முகம் கோணியது. அழுகை எங்கோ பாதியில் மாட்டிக்கொண்டது.

"நீ அனுப்பினியா?"

"ஆமா அத்தை."

"இருபத்துமூணு நாளா என் கூட உட்கார்ந்து சாப்பிட்ட."

"ஆமா."

"அப்ப எழுது." மாமியாரின் குரல் உயரவில்லை. "வேற யாரும் எழுத வேண்டாம். அனுப்பினவளே எழுது. அந்தக் கடனுக்காவது எழுது."

அவள் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி அலசினாள். மை கரைந்து போகும்வரை அலசி, துணியில் ஒற்றி, டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"அவரு வந்து சொல்லல சார்" என்றாள். "அவரு சொல்லாம நான் எழுதினது இல்ல."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..."

"இல்ல சார்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொழுந்தனின் கையைப் பிடித்து எழுந்தாள். அவள் எழுந்திருக்கக் காத்திருந்துவிட்டு, இவள் கட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். தனியாகத் தூக்குகிற கனம் இல்லை அது.

"ஒரு கை குடுங்க" என்றாள். "பின்னால அலமாரியில வெச்சுடலாம்."